கன்ஷ்யாம் வாத்வாவின் உப்பில்லாக் கண்ணீர்

கன்ஷ்யாம் வாத்வா திரையில் அழுதால் முன்வரிசைக்காரர்கள் தொப்பலாக நனைந்துபோவார்கள். பம்பாய் தாதரில் அவருடைய முதல் படம் வெளியான அன்றே இது தெரிந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று கொட்டகைக்காரர் கொத்தனாரை அழைத்தார். கொத்தனார் தரையில் கிடந்த நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது, இது நடிகருடையது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு படமுதலாளி சுனிலால் பாரேக் கதைகளில் யாரையும் உயிரோடு விடவில்லை. கன்ஷ்யாமுக்கு முதலில் அம்மா செத்தாள், பிறகு தங்கை, அப்புறம் குதிரை. பெண்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டே வெளியே வந்து, படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஜுஹூவில் பங்களா எழுந்தது.

மராத்வாடாவில் மழை பொய்த்த வருஷம், டூரிங் கொட்டகைக்காரர் ஒருவர் சாவுக் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு கிராமத்தின் கிணறுகளை நிரப்பினார். ஊரே கும்பிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய சோளமெல்லாம் கருகியது. அந்த ஊர் நிலத்துக்காரி சோனாபாய் கருகிய சோளத்தட்டையோடு ரயிலேறி பம்பாய் வந்து, நேராகப் படப்பிடிப்புக்கே போய் நின்றாள்.

"அழறதுதான் அழறீங்க, கொஞ்சம் உப்பில்லாம அழக்கூடாதாண்ணே?"

கைதட்டல் மட்டுமே கேட்டுப் பழகிய கன்ஷ்யாமுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளை வீட்டில் தங்கவைத்தார். பயிர் போனபின் ஊரில் வேலையில்லாததால் அவளும் தங்கினாள். அவர் உப்பை விட்டார். மனைவி குசும் சமைத்த சப்பென்ற பருப்பை மாதக்கணக்கில் விழுங்கினார். கண்ணீர் கரித்துக்கொண்டேதான் இருந்தது.

பிறகு ஒருநாள் மறுபடி அம்மா சாகும் காட்சி. பிணமாகப் படுத்திருந்த நடிகை அசந்து தூங்கிக் குறட்டை விட்டார்.

"பொணத்துக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றாள் சோனாபாய், அக்கறையாக.

கன்ஷ்யாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சோனாபாய் அதில் ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். "எங்க ஆத்துத் தண்ணிண்ணே இது."

சிரிப்புப் படம் எடுக்கப்போவதாக அவர் சொன்னதும், ஜனங்கள் உன்னிடம் அழத்தான் வருகிறார்கள், நீ சிரித்தால் தெருவில்தான் நிற்பாய் என்று சொல்லிவிட்டு பாரேக் விலகிக்கொண்டார். குசும் மட்டும், "வீட்லயும் இந்த அழுமூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். எடுங்க," என்றாள்.

பங்களாவை விற்று எடுத்த படம் பம்பாயில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. தாதரில் ஒண்டுக்குடித்தனம். யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. கொட்டகை இருக்கும் தெரு வழியாகப் போவதையே அவர் தவிர்த்தார். கடைசியில், பங்களா கைமாறியபோது ஊர் திரும்பியிருந்த சோனாபாய் வந்து அவரையும் குசுமையும் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே டூரிங் கொட்டகைக் கூடாரத்தில், திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஜனங்கள் நனைந்தபடி உருண்டு சிரிக்க, தண்ணீர் அவர்கள் காலடியில் ஓடி வாய்க்காலில் விழுந்து வயலுக்குப் போயிற்று. கன்ஷ்யாம் ஈரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் காலமாகிப் பல வருஷமாகிறது. அந்தப் பக்கத்து வேளாண் அதிகாரிகள் இன்றும் சொல்வது இதுதான்: நிலக்கடலைக்கு இடைவேளை வரை போதும், கரும்பு போட்டவர்கள் முழுப்படத்தையும் ஓட்ட வேண்டும்.