பல்லைக் கடித்தவள்

“எப்ப ஊருக்கு வாரீங்க?” என்று மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் பரிமளாவை நாகராசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தோஹாவில் இருந்தவனிடம் மூன்றாம் வருசம் அவள் அதைக் கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் பக்கத்து வீட்டில் ஊறப்போட்டிருந்த உளுந்து, கிரைண்டரில் போடாமலே மாவாகிக் கிடந்தது.

காரணம் புரிய கந்தர்வக்கோட்டையின் அந்தத் தெருவுக்கு அதிக நாள் ஆகவில்லை. “இன்னும் ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரும்மா” என்று, அவன் போனை வைத்த அன்றிரவே அம்மா போனில் சொல்லியிருந்தாள். மகள்தான் எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே அம்மா. பரிமளா சொன்னபடி இருந்தாள். தூக்கத்திலும் கடித்தாள். அவள் கடிக்கக் கடிக்கத் தெருவிலிருந்த தானியமெல்லாம் அரைபட்டது. பெண்கள் அரிசி, கேழ்வரகு, மிளகாய் என்று அவள் சன்னலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மாமியார் மருதாயி பாத்திரம் மாறிப்போகாமல் பார்த்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் இன்னும் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் தேவலை என்று ஒருத்தி குறை சொன்னாள். ஏன் கடிக்கிறாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கடைவாய்ப்பல் பிளந்தது. பல் டாக்டர் செபமாலை வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார். எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். எத்தனை வருசம் வரும்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து. உள்ளே சொத்தை வருமா? ஈறு ஓரத்தில் விளக்காவிட்டால் வரும். முறுக்கு? அந்தப் பக்கம் வேண்டாம். இனி வலிக்குமா?

“நரம்பை எடுத்தாச்சும்மா, அந்தப் பல்லுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் டாக்டர். பரிமளாவுக்கு அந்தப் பல் மேல் பொறாமையாக இருந்தது. “ஆனா பல்லைக் கடிக்காதீங்க. கேப்பும் ஒடையும், மத்த பல்லும் போயிரும்.”

அப்படி அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். தூங்கும்போது பல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஓர் உறையும் கொடுத்தார். அதை மாட்டிய மறுநாள் தெரு முழுக்க அரிசி அரிசியாகவே இருந்தது. சன்னலடியில் கூட்டம் கூடியது. மருதாயி உள்ளே வந்தாள்.

“ஊரே ஒன்னைய நம்பி ஊறப்போட்டுருக்குடி. இன்னும் கொஞ்ச நாளைக்குக் கடி.”

“கடிக்கக் கூடாதுங்க அத்தை. கேப் போட்ட பல்லு.”

புதுக்கோட்டையில் வேலைக்கும் ஹாஸ்டலுக்கும் போன வாரமே சொல்லிவைத்திருந்தாள். பெண்கள் அவரவர் கிரைண்டரைத் தூசி தட்ட வீட்டுக்குக் கிளம்பினார்கள். பரிமளா பையை எடுத்துக்கொண்டு, யார் பாத்திரத்தையும் மிதிக்காமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.