வெறும் தண்ணீரில் வந்த கறை

ஊரில் என் வீட்டுக்காரருக்கு விஷக்காரர் என்று பெயர். செத்தவர் வயிற்றில் பாஷாணம் இருந்ததா என்பதை ரசாயனத்தால் காட்டி, கோர்ட்டையே நம்பவைத்த முதல் ஆள் இங்கே அவர்தான். வயிற்றிலிருந்து எடுத்ததைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் குடுவையில் போடுவார். கிளம்பும் வாயுவைச் சூடாக்கும்போது கண்ணாடிக் குழாயில் கறுப்பாகப் படிந்தால் விஷம். குழாய் கழுவுவது நான். பேர் அவருக்கு, விரல் புண் எனக்கு.

கணவனுக்கு விஷம் வைத்தாள் என்று ஒரு தையற்காரி மேல் வழக்கு. வெள்ளிக்கிழமை இவர் சாட்சி சொன்னால் அவளுக்குத் தூக்கு நிச்சயம். வியாழன் மதியம், யாரோ சோதிக்கக் கொடுத்த கிணற்றுத் தண்ணீரிலும் கறை வந்தது.

“அந்தத் தண்ணிய ஊரே குடிக்குது, ஒருத்தரும் சாகல. குழாய நீ கழுவுற லட்சணம் இது!” என்று கத்தினார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாகக் கழுவுகிறேன்! வீம்புக்குப் புதுக் குழாயை மாட்டி, காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரை ஊற்றி, துத்தநாகமும் அமிலமும் போட்டு விளக்கைப் பற்றவைத்தேன்.

“இப்பப் பாருங்க, என் லட்சணத்த.”

கறுப்பாகப் படிந்தது. வேறு புட்டி அமிலம் ஊற்றியும் படிந்தது.

விஷம் துத்தநாகத்திலேயே இருந்தது. இப்படி வெறுமனே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே இதுவரை தோன்றவில்லை.

“நல்லவேளை, தையற்காரி தப்பிச்சா,” என்றேன்.

அவர் துத்தநாக ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத எப்போ திறந்தோம்?”

முத்திரையை உடைத்தவளே நான்தான். “மழைக்கு முன்னாடி. பால்காரர் கேஸுக்கு.” தன் அண்ணனுக்கு விஷம் வைத்ததாகப் பால்காரரைத் தூக்கிலிட்டு இரண்டு மாதம் ஆகிறது.

“துத்தநாகம் சுத்தமில்லன்னு மட்டும் சொல்லிடறேன். எப்போ திறந்ததுன்னு யாரு கேக்கப் போறாங்க?”

“நான் கேப்பேன்,” என்றேன்.

தையற்காரி விடுதலையானாள். கோர்ட்டில் தேதியை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பால்காரர் மனைவி வழக்கம்போல் பால் கொண்டுவந்தாள். ‘ஐயாவே கண்ணாடியில காட்டிட்டாரு, அப்புறம் என்ன’ என்று புருஷனைத் தலைமுழுகியவள் அவள். நான் பாத்திரத்தை எடுப்பதற்குள் இவரே வாசலுக்குப் போய்விட்டார். உட்காரச் சொல்லி, ஜாடியைத் திறந்த நாள் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், அழுகைதான் வந்தது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அளக்கிற படி கையிலேயே இருந்தது.

“கடைசி நாள் என்னப் பாக்கணும்னு ஆள் அனுப்பினாருங்க,” என்றாள். “கொலைகாரன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”