இதுவா, அதுவா?

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். கடையில் கண் பார்க்கும்போது ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவர் தொழில். வந்தவர் சொல்வதை வைத்துத்தான் பவர் முடிவாகும்; கேட்கிறவர் தன் கருத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அதெல்லாம் சரி. அந்தப் பழக்கத்தைக் கடையோடு வைத்துப் பூட்டாமல் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தாரே, அதுதான் டீச்சரின் தலைவலி.

டீச்சர் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள், ஒரு கேள்விக்கு ஒரு விடை என்று இருப்பவள். மெத்தை வாங்கும்போதும் சரி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் சரி, "இதுவா, அதுவா?" என்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியாயிற்று. தனக்கு என்ன வேண்டும் என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அது போதும் அவளுக்கு. போன மாதம் பொறுமை போய், "எனக்கு விவாகரத்து வேணும்" என்று சொல்லியே விட்டாள். இப்போதாவது வேண்டாம் என்பார் என்று ஒரு நப்பாசை.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். "விவாகரத்தா, இல்ல சட்டப்படி பிரிஞ்சு இருக்கறதா? அப்படியும் ஒண்ணு இருக்காமே" என்றார்.

டீச்சர் வீம்புக்கு, "ரெண்டையும் கேட்டுட்டே வந்துடலாம்" என்றாள். அப்படித்தான் இருவரும் வக்கீலம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"விவாகரத்துன்னா கல்யாணம் அதோட முடிஞ்சுது" என்றார் வக்கீலம்மா. "சட்டப்படி பிரியறதுன்னா, கல்யாணம் அப்படியே இருக்கும். ஒரே வீட்டுல இருந்தாகணும்ங்கற கட்டாயம் கிடையாது. மனசு மாறினா சேர்ந்துக்கலாம். வேற கல்யாணம் மட்டும் பண்ணிக்க முடியாது."

"ஒண்ணே போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றாள் டீச்சர்.

வக்கீலம்மாவின் கண்ணாடி மூக்கில் சரிந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "கொஞ்சம் குடுங்க மேடம்" என்று வாங்கி, காதில் மாட்டும் கம்பியை இரண்டு பக்கமும் வளைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு மட்டும் யாரையும் கேக்க மாட்டார்" என்று டீச்சர் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி சார், உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார்.

அவர் வழக்கம்போல் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கேட்டது அவங்க."

அவர் தொண்டையைச் செருமினார். மேஜை விளிம்பைத் தடவினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதானா நான் என்று மனசு விட்டுப்போயிற்று. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டுலயும் நீ வீட்டுல இருக்க மாட்டியே" என்றார் அவர், மேஜையிடம் சொல்வதுபோல. "எனக்கு ரெண்டும் வேணாம்."

எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. இந்த நாலு வார்த்தையை வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கண் கலங்கியதை அவரிடம் காட்டிக்கொள்ள மனமில்லாமல் வக்கீலம்மா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்றார் வக்கீலம்மா.

"இன்னைக்கு ஒண்ணும் எழுத வேணாம் மேடம்" என்றாள் டீச்சர். "ஆனா எங்களை மறந்துடாதீங்க. இவர் இன்னொரு தடவை இப்படி வாயைத் திறக்கறாரான்னு பாத்துட்டுச் சொல்றேன்."