கன்னத்து வெயில்

கணினி மறுபடியும் திணறி நின்றது. அக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள். தம்பி சாவதற்கு முன் அம்மாவுக்காகச் செய்துகொண்டிருந்த படத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தலை வாரிக்கொள்கிறாள், அவ்வளவுதான் படம். அதற்குப் போய் அந்த நெட்டைப் பயல் உலகத்து லேயரையெல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுக்காவது பெயர் வைத்திருக்க வேண்டுமே!

இருவரும் ஒரே ஸ்டுடியோவில் விளம்பரங்களுக்கு அனிமேஷன் செய்தவர்கள். அவசரமென்றால் அக்கா கனமான லேயர் குழுவைப் பிடித்து ஒரே படமாக ராஸ்டரைஸ் செய்துவிடுவாள். கணினி மூச்சுவிடும், ஆனால் பிறகு லேயர்களைப் பிரிக்க முடியாது. தம்பிக்கு அது ஆகவே ஆகாது. "என் ஃபைல்ல கை வச்சே, அப்புறம் அக்கான்னுகூட பாக்க மாட்டேன்" என்பான். இப்போது தடுக்க ஆளில்லை. பழக்கதோஷம், கை தானாகப் போயிற்று. ராஸ்டரைஸ் செய்தாள், சேமித்தாள், மூடினாள்.

திரும்பத் திறந்தபோது அம்மாவின் முகத்தைக் கறுப்புக் கட்டம் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது.

காலையில்கூடப் பார்த்தாளே. இடது கன்னத்தில் வெயில், அதன் மேல் ஜன்னல் கம்பியின் நிழல், இரண்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. வெயில் லேயரும் நிழல் லேயரும் தனித்தனியாகக் கீழே இருந்த முகத்தோடு கலந்ததால் வந்த அழகு அது. குழுவை ஒரே படமாக இறுக்கியதும் அவை தங்களுக்குள்ளேயே கலந்து குழம்பிவிட்டன. முகம்வரை போய்ச் சேரவில்லை. என்ன செய்து பார்த்தும் வெயிலும் திரும்பவில்லை, நிழலும் திரும்பவில்லை. வேறு பிரதியும் கிடையாது. அவன் கடைசியாகச் செய்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா வந்ததும் கறுப்புக் கட்டத்தை மறைத்துவிட்டு, வெறும் படத்தை ஓட்டினாள். அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி. 'உன் முகத்துல வெயில் போடப் போறேம்மா, அப்புறம் பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பாவம் புள்ள, அதுக்குள்ள போயிட்டான்."

அவன் போட்டுவிட்டான் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். அதற்குள் அம்மாவே கேட்டாள்.

"எந்தப் பக்கம் போட்டிருப்பான்?"

அக்கா படத்தை நிறுத்தினாள். திரையில் தெரிந்த இடது கன்னத்தில் விரலை வைத்தாள்.

"இங்கம்மா."

அம்மா தன் கன்னத்தில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.