தெய்வமணியின் சைக்கிள் நின்ற வாசல்கள்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மாசி மாதம் பதினான்காம் திகதி காலை ஆறரை மணிக்கு, தெய்வமணியின் சைக்கிள் குருக்கள்மடத்தில் ஒரு வீட்டு வாசலில் தானாக நின்றுவிட்டது. அதன் முன்சில்லுச் சக்கரத்துக்குச் சொந்தக்காரி அந்த வீட்டுப் பிள்ளை. பாலர் பள்ளியில் படிப்பித்த உசாந்தி. சுனாமியில் கடல் அவளைக் கொண்டுபோய் அன்றைக்கு ஐம்பது நாள். செயின் கழலவில்லை, காற்றுப் போகவில்லை, பிறேக்கை யாரும் பிடிக்கவில்லை. கரியரில் இருநூறு இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. தெய்வமணி இறங்கி முன்சில்லுக்கு ஓர் உதை கொடுத்தாள். அது அசையவில்லை. உசாந்தியின் தாய் அன்னப்பூரணி உள்ளேயிருந்து வந்து சில்லை ஒருமுறை பார்த்தாள். பார்த்ததும் அது உருளத் தொடங்கியது.

தெய்வமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தேற்றாத்தீவில் எல்லோருக்கும் தெரியும். கணவன் மன்னம்பிட்டியில் இன்னொருத்தியோடு குடியிருக்கப் போன பிறகு, இடியப்பம் அவித்து, ஓலைப் பெட்டிகளில் அடுக்கி, கல்முனை வீதித் தேநீர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து மகன் துசாந்தனை வளர்த்தவள். கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பழைய சைக்கிள் போய்விட்டது. நிவாரணத்தில் ஒன்று கொடுத்தார்கள். பதினெட்டு கியர், விரல் தடிப்பில் ரயர். மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, கரியர் பூட்ட இடமே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரன் மலையேறி இறங்குவதற்குச் செய்த சாமான் அது. எங்கள் கரையில் மலை எங்கே இருக்கிறது? மூன்றாம் நாள் கியருக்குள் மணல் ஏறி எல்லாம் இறுகிவிட்டது. தெய்வமணி அதைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிப் புளியந்தீவுக்குக் கொண்டுபோய், நிவாரணக்காரரின் கந்தோர் வாசலில் நின்ற ஜீப்பில் சாத்தினாள். "இடியப்பத்துக்குக் கியர் எதுக்கு? கரியர் எங்க?" என்று கேட்டாள். அவர்கள் நிவாரணத்தை மறுத்தவள் என்று ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது பிள்ளையார் கோயில் வளவில் எழுபது எண்பது சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. கிணறுகளுக்குள்ளிருந்தும் தாழம் பற்றைகளுக்குள்ளிருந்தும் வாவியிலிருந்தும் இழுத்துப் போட்டவை. பழைய இரும்புக்காரன் வரும்வரை அந்தப் பக்கம் போக எல்லோருக்கும் பயமாக இருந்தது. தெய்வமணி ஸ்பானரோடு போனாள். ஒவ்வொரு சில்லையும் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெரித்து எது தளர்ந்தது என்று பார்த்தாள். பின்சில்லுக்கு நாற்பது கம்பி போட்ட தடித்த றிம் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். பாரத்துக்கு அதுதான் தாங்கும். நெளிவில்லாத முன்சில்லு ஒன்று கிடைத்தது. செயினும் பல்சில்லும் துரு அண்டாமல் இருந்த ஒரு சைக்கிளிலிருந்து அவை இரண்டையும் கழற்றினாள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்பைக் கழுவி, போல்ஸ் குண்டுகள் மாற்றி, கிறீஸ் வைத்து, அங்கேயே கிடந்த தன் பழைய சைக்கிளின் சட்டத்தில் பூட்டினாள். எந்தச் சாமானை எப்படிப் பார்க்கவேண்டுமோ அப்படிப் பார்த்தாள். அவை யாருடையவை என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அது தானாகவே தெரியவந்தது. முன்சில்லு உசாந்தியின் வாசலில் நின்றது. மாவு வாங்கக் காத்தான்குடிக்குப் போன அன்று பின்சில்லு உடுக்கும் சாரம் விற்ற றவூப்பின் வீட்டுக்கு முன்னால் நின்றது. அவருடைய மனைவி சபீனா அப்போது கணவனை இழந்தவளுக்குரிய இத்தாவில் இருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து சில்லின் சத்தத்தைக் கேட்டு, மகளிடம் ஒரு கோப்பை தேநீர் கொடுத்தனுப்பினாள். செயின், களுதாவளையில் தம்பிப்போடியாரின் வீட்டடியில் இறுகியது. அவர் கிழமைக்கொரு தடவை ட்ரக்டர் எண்ணெயில் செயினைக் குளிப்பாட்டிய மனிதர். செத்தவர்கள் தங்கள் வீடுகளுக்கு வந்து போகிறார்கள் என்பதில் எங்கள் சனத்துக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. தேநீர்க் கடைக்காரர்கள் இடியப்பம் அரை மணி நேரம் பிந்தும் என்று பழகிக்கொண்டார்கள். தெய்வமணி மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

உசாந்தியின் ஆண்டுத் திவசத்துக்கு அடுத்த நாள் அன்னப்பூரணி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். "அந்தச் சில்ல எனக்குத் தா கா. புதுச்சில்லு ஒண்டு வாங்கித் தாறன். அவள் தொட்ட சாமான் வேற ஒண்டும் என்னட்ட இல்ல" என்று கேட்டாள்.

"குப்பையில கிடக்கக்குள்ள ஒருத்தரும் கேக்கல்ல. நான் கழுவி கிறீஸ் வச்சாப் பொறகு கேக்கிறயா?" என்றாள் தெய்வமணி. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவள் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சில்லு தினமும் அந்த வாசலில் நின்றது. அன்னப்பூரணி வந்து பார்த்தால்தான் நகர்ந்தது.

துசாந்தன் தாயைப் போலல்ல. கடலடித்த வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிய வீடுகளில் மேசன் வேலை செய்தான். தாய் இடியப்பம் கொடுத்து முடித்து வந்ததும் சைக்கிளை வாங்கிக்கொண்டு போவான். வாசல்களில் சில்லு நின்றால் இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, கதைத்துவிட்டுப் போவான். "பஸ்ஸில போறாக்களும் அவங்கட இடத்தில இறங்கத்தானே வேணும் அம்மா" என்பான். முதல் கூலியில் பட்டினத்துக்குப் போய், மூன்று சுருள் வைத்த தோல் சீற் ஒன்று வாங்கிப் பூட்டினான். அந்தச் சைக்கிளில் புதிதாக வாங்கிய சாமான் அது ஒன்றுதான். மழை நனைந்தால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுவான். தாய்க்கு முதுகு நோகாமல் இருக்கவேண்டும் என்று வாங்கினதாகச் சொன்னான். ஆனால் சீற்றை உயர்த்தி வைத்தது தன்னுடைய காலுக்குத்தான். அதற்கும் அவள் ஏசினாள்.

சண்டை மறுபடியும் மூண்டு, பெடியன்களை வானில் பிடித்துக்கொண்டு போன இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சித்திரை மாதம், வருசம் பிறந்து நாலாம் நாள், இலக்கத் தகடு இல்லாத ஒரு வான் குருக்கள்மடச் சந்தியில் அவனுக்குப் பின்னால் வந்தது. அவன் பார்த்துவிட்டான். முன்னாலிருந்த இரண்டாவது ஒழுங்கை வரை போயிருந்தால் வயல் வரம்பில் இறங்கித் தப்பியிருப்பான். வரம்பில் வான் ஓடாது. எழும்பி நின்று மிதித்தான். அன்னப்பூரணியின் வாசல் வந்தது. முன்சில்லு நின்றது.

அன்னப்பூரணி கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவனை வானுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தாள். பார்த்ததும் சில்லு இரண்டடி உருண்டது. பிறகு சைக்கிள் விழுந்தது.

பொலிஸில் கையை விரித்தார்கள். இராணுவ முகாமில் கையை விரித்தார்கள். இயக்கத்தை விட்டுப் பிரிந்தவர்கள் வைத்திருந்த கந்தோரில், அவனாகவே எங்கேயாவது போயிருப்பான், பெடியன்கள் அப்படித்தான் என்று சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த வான், யாருக்கும் தெரியாத வானாகிவிட்டது. தெய்வமணி முன்சில்லைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் நடந்து போய், அன்னப்பூரணியின் முற்றத்தில் எறிந்தாள். "இந்தா உன்ட மகள்ர சில்லு. என்ட மகனத் தா" என்றாள். அன்னப்பூரணி சில்லை எடுத்து உள்ளே வைத்தாள். திரும்பி நடக்கும்போதுதான் தெய்வமணிக்குத் தன்மேல் கோபம் வந்தது. கேட்ட அன்றே கொடுத்திருந்தால் அவன் அந்த வாசலைத் தாண்டியிருப்பான். அந்தக் கோபத்தை எறிய அவளிடம் வேறு முற்றம் இருக்கவில்லை.

முன்சில்லு இல்லாத சைக்கிளைப் பலாமரத்தில் சாத்தி வைத்திருந்தாள். சீற்றின் மூக்கு வடக்கே திரும்பியிருந்ததை அடுத்த நாள் பார்த்தாள். நேராக்கி, நட்டை இறுக்கினாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் வடக்கு. இன்னும் பெரிய ஸ்பானரால் இறுக்கினாள். அவள் கண் முன்னாலேயே அது மெல்லத் திரும்பியது. அப்போது அவளுக்கு விளங்கியது. செத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுடைய சாமான்கள் வீட்டு வாசலில் நிற்கின்றன. இது வீட்டைப் பார்க்கவில்லை. இவன் வேறெங்கோ இருக்கிறான்.

அந்தக் கிழமையே பின்சில்லைச் சபீனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். செயினும் பல்சில்லும் போடியார் வீட்டுக்குப் போயின. அதுவரை யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுத்திராதவள், செத்தவர்கள் யாரும் குறுக்கே நிற்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்தாள். பிறகு புளியந்தீவில் ஒரு கடைக்குப் போய், முப்பத்திரண்டு கம்பியில் முன்சில்லு, நாற்பதில் பின்சில்லு, இருபத்தெட்டு அங்குல ரயர், ரியூப், செயின், பல்சில்லு, தடித்த பிறேக் கட்டைகள் எல்லாம் பெட்டி உடைக்காமல் கேட்டாள். "ஆரும் பாவிச்சதில்லையே?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். கடைக்காரர் சலித்துப்போய், பக்டரியில் செய்தவனைத் தவிர வேறு யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். சட்டமும் சீற்றும் மட்டும் பழையவை.

சனிக்கிழமை ஏறி மிதித்தாள். சீற்றின் மூக்கு திரும்பிய பக்கம் சைக்கிள் திரும்பியது. கல்லடிப் பாலத்தைக் கடந்து, பட்டினத்தைக் கடந்து, வடக்கே போய், பெயர்ப்பலகை இல்லாத, தகரமடித்த ஒரு வாசலில் நின்றது. காவலுக்கு நின்றவன், "இங்க ஆள் இல்ல அம்மே, போங்க" என்றான். அவள் போகவில்லை. சைக்கிளும் போகவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் இருவரும் திரும்பினார்கள். பதினொரு சனிக்கிழமை அப்படி நடந்தது. ஒவ்வொரு வெள்ளியும் செயினுக்கு எண்ணெய் விட்டு, கம்பிகளை நெரித்துப் பார்த்து, காற்றடித்து வைத்தாள். வழியில் ஒரு நட்டுக் கழன்றதனால் மகனைத் தவறவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. பன்னிரண்டாம் சனிக்கிழமை சைக்கிள் அந்த வாசலில் நிற்காமல் தாண்டியது. அப்பால் வீதித்தடை இருந்தது. அவளை விடவில்லை.

அதன் பிறகு சீற்றின் மூக்கு ஒரு மாதம் மேற்கே நின்றது, ஒரு மாதம் தெற்கே. அவனை இடம் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று பட்டினத்தில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் சைக்கிளை மறித்து, இலையில் பாற்சோறு நீட்டினார்கள். "சோறு வேணாம். என்ட மகனத் தாங்க" என்றாள். நீட்டியவனுக்கு விளங்கவில்லை. பின்னால் வந்தவனுக்கு நீட்டினான். ஒரு வருடம் போனது. பிடித்தவர்கள் எல்லோரையும் விட்டாயிற்று, இனி எங்கேயும் யாரும் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். தெய்வமணி முற்றத்துக்கு வந்து பார்த்தாள். மூக்கு தென்மேற்கே நின்றது.

சைக்கிள் மற்ற இடங்களிலெல்லாம் பிறேக்குக்குக் கட்டுப்பட்டது. அவளுடைய வீட்டு வாசலில் மட்டும் எந்தப் பிறேக்கும் பிடிக்கவில்லை. ஒழுங்கை முடிவு வரை ஓடித்தான் நிற்கும். அங்கே இறங்கி, உருட்டிக்கொண்டு திரும்பி வருவாள்.

துசாந்தனுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க வந்த அலுவலர் சுபாகரன் இளம் வயது. பேச்சில் மரியாதை இருந்தது. "கையெழுத்து வச்சா நட்டஈடு கிடைக்கும் அம்மா" என்றான்.

"இருக்கிறவனுக்கு ஆர் தம்பி செத்த கடிதம் எழுதுறது? ஏறி ஓடிப் பாருங்க. எங்கட வாசல்ல நிப்பாட்டுங்க. நிண்டா இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

சொன்ன பிறகுதான் அவள் சைக்கிளைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவன் அதற்குள் ஏறிவிட்டான். வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பி, வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே இரண்டு பிறேக்கையும் பிடித்தான். கட்டைகள் றிம்மில் உரசிப் புகைந்தன. சப்பாத்துகளை மண்ணில் ஊன்றினான். சைக்கிள் அவனையும் இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, ஒழுங்கை முடிவில் ஓலை வேலிக்குள் போய் விழுந்தது. எழும்பி, காற்சட்டையைத் தட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். பிறகு படிவத்தில் மறுப்புக்கான காரணம் என்ற இடத்தில், 'சைக்கிள் வாசலில் நிற்கவில்லை, நானே ஓடிப் பார்த்தேன்' என்று எழுதி, தானே கையொப்பமிட்டான். மேலிடத்தில் அதற்கு முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார்கள். ஆண்டுக்கொரு தடவை உறுதிப்படுத்தவேண்டும் என்று ஒரு குறிப்பும் போட்டார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் ஓர் அலுவலர் வந்து, ஓடிப் பார்த்து, வேலிக்குள் விழுந்து, எழுதிக்கொண்டு போகிறார்.

அன்னப்பூரணி வீட்டுக்கு முன்னால் இப்போது சில்லு தானாக நிற்பதில்லை. தெய்வமணிதான் பிறேக் பிடித்து நிற்கிறாள். ஒருநாள் தேநீர் கொடுக்கும்போது அன்னப்பூரணி கேட்டாள்: "உன்ட வாசல்ல ஒருநாளைக்கு நிண்டா என்ன கா செய்வாய்?"

அவன் விடுபட்டு வந்து, உள்ளே பாயில் படுத்திருந்தாலும் அது நிற்கும். உசாந்தி வந்தமாதிரி வந்திருந்தாலும் அது நிற்கும். எது என்று சீற் சொல்லாது.

"நிண்டா உள்ள போய்ப் பாப்பன்" என்றாள் தெய்வமணி.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வெறும் பெட்டிகளோடு வீடு திரும்புகிறாள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் பிறேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுகிறாள். சைக்கிள் வாசலைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விடுகிறாள். மூச்சு வந்த பிறகு கோபம் வருகிறது.