பத்து விநாடி சிரிக்காதீங்க

ஸ்கேன் எடுக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கே தெரியும். அன்று அதைச் சோதித்துப் பார்க்கவென்றே ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பஸ் ஓட்டுநர். காலையில் அவர் சிறுநீரகத்தில் ஊசி விட்டுப் பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்திருந்தார்கள். எடுத்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு ரத்தம் கட்டியிருந்ததை நானே அளந்து எழுதினேன். மதியம் வலி கூடி, நாடித்துடிப்பும் ஏறியதால் மறுபடி என்னிடமே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“இன்னும் ரத்தம் கசியுதுன்னா உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போயிடலாம். பார்த்துச் சொல்லுங்க” என்றார் டாக்டர் ஸ்பீக்கர் போனில். சுவரோரமாக நின்ற ஓட்டுநரின் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது.

ஜெல்லைத் தடவினேன். மனிதர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

“கூசுதும்மா! பீரோவுல சாவி தேடுறப்ப என் பொண்டாட்டிகூட இந்தக் குடை குடைய மாட்டா.”

ரத்தக்கட்டு காலையில் பார்த்த அதே அளவுதான். ஆனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலரைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக அடித்தது. எனக்குத் திக்கென்றது. ரத்தம் கசிந்தாலும் கலர் வரும், வயிறு குலுங்கினாலும் வரும். இவரோ விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மூச்சைப் பிடிங்க. பத்தே விநாடி.”

மூன்றாவது விநாடியில் புஸ்ஸென்று வெடித்தார். “பிரேக் பிடிச்சுத்தாம்மா பழக்கம்!”

“இப்படியே சிரிச்சா கசியுதுன்னுதான் எழுதுவேன். தியேட்டர்ல போய்ச் சிரிங்க!” என்று கத்தினேன்.

அவர் மனைவி தலைமாட்டுக்கு வந்தாள். “நான் பயந்துடுவேன்னுதானே சிரிக்கிறீங்க? காலையிலேர்ந்து பயந்துக்கிட்டுதான் இருக்கேன். போதும். சும்மா படுங்க.”

அவர் வாயை மூடினார். அவள் கையைப் பற்றிக்கொண்டார். நான் சத்தமாக எண்ணினேன். பத்து வரைக்கும் ரத்தக்கட்டுக்குள் ஒரு பொட்டுக் கலர்கூட வரவில்லை. கோணத்தை மாற்றி மாற்றி மூன்று தடவை பார்த்தேன். ஒன்றுமில்லை.

“கசியல. நின்னுடுச்சு” என்றேன். டாக்டரும் தியேட்டர் வேண்டாம், வலிக்கு மருந்து போட்டுவிட்டு நாளைக் காலையில் பார்க்கலாம் என்றார்.

“இனிமே இவர் சிரிக்கலாமா?” என்று கேட்டாள் மனைவி.

“தாராளமா.”

“சிரிங்களேன்” என்றாள் அவரிடம்.

அவரால் முடியவில்லை. அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “நானும்தான்டி பயந்துட்டேன்” என்றார்.