இடது பக்கத்துச் செருமல்

தட்டில் வலது பக்கம் இருந்த இட்லியைத் தின்றுவிட்டு மாரப்பன் நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு எங்க? கண்ணு, நீதான தின்ன?"

யுவராணி தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தாள். இடது பக்கம் இருந்த இட்லி வலது பக்கம் வந்தது.

"திருடுனாலும் திருப்பிக் குடுத்துடற. நல்ல வளர்ப்பு."

மாரப்பன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். பாறையில் வழுக்கி விழுந்ததில் தலையில் அடி. கை கால் தேறிவிட்டது. கண்ணிலும் கோளாறு இல்லை. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. மீசையில்கூட வலது பாதியைத்தான் கத்தரிப்பார்.

யுவராணி தருமபுரியில் உளவியல் படிக்கிறாள். தலைக்காயம் பட்டவர்கள் தங்கும் இந்த மையத்தில் உதவிக்கு வருவது அவள் பாடத்தில் ஒரு பகுதி. மதிப்பெண் போடுபவர் மையத்தின் பயிற்சியாளர் சுகுணா.

வெள்ளிக்கிழமை சுகுணா மாரப்பனைச் சோதிப்பதாக இருந்தது. இடது பக்கம் இடிக்காமல் நடந்து, இலையில் இருப்பதை முழுதாகச் சாப்பிட்டால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் இங்கேதான்.

"ஆத்துல வெள்ளம் கொறஞ்சு மறுபடி பரிசல் விட ஆரம்பிச்சுட்டாங்களாம். நான் இங்க கலர் கட்டை அடுக்கிட்டிருக்கேன்."

"உங்களைப் பரிசல் ஓட்ட யாருண்ணா விடுவாங்க?"

"ஓட்டவா போறேன்? கரையில உக்காந்து ஓட்டறவனை எல்லாம் திட்டுனாப் போதும்."

அப்போது அவர் மனைவி செல்லி வந்து அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். புருசன் பேரை வாயால் சொல்லாதவள். தொண்டையை மட்டும் செருமினாள். மாரப்பன் சட்டென்று இடது பக்கம் திரும்பி, "எப்ப வந்த?" என்றார்.

யுவராணி வாயைப் பிளந்தாள். 'அண்ணா, இடது பக்கம்' என்று தினமும் தொண்டை வறளக் கத்தியும் திரும்பாத கழுத்து அது.

அவள் முகத்தைப் பார்த்ததும் மாரப்பனுக்கு யோசனை வந்துவிட்டது.

"வெள்ளிக்கெழமை என் பின்னாடியே வா. இடது பக்கம் ஏதாச்சும் இருந்தா இவளாட்டம் ஒரு செருமல் போடு."

"அது காப்பி அடிக்கிறதுண்ணா."

"உங்க காலேஜுல யாரும் அடிக்கறதே இல்லியா?"

யுவராணி தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சுகுணாவுக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டியிருந்தது. நடையில் முதல் அடி வைத்ததுமே அவர் செருமினார். மாரப்பன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர். சுகுணா மறுபடி செருமினார். மறுபடி சுவர். யுவராணி பின்னாலிருந்து கையைக் காலை ஆட்டியும் பயனில்லை. இடது பக்கம் தடையாக வைத்திருந்த வாளிக்கு அவள் செருமுவதற்குள் சுகுணாவே செருமிவிட்டார். மாரப்பன் வாளியைச் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த செருமலுக்கு ஒரு கதவின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாதவராஜு, டூட்டில தூக்கமா?"

அங்கே நாற்காலியில் சாய்ந்திருந்த வார்டு ஊழியர் மாதவராஜ் துள்ளி எழுந்தார். அவர் அங்கே தூங்குவது இத்தனை நாள் சுகுணாவுக்கே தெரியாது.

இலை போட்டார்கள். ஒரு செருமலுக்கு இடது பக்கத்துப் பொரியல் காலி. இன்னொரு செருமலுக்கு ஊறுகாய். அதற்கும் அடுத்ததற்கு மாரப்பன் கடுப்பாகிவிட்டார்.

"எலையையே வழிச்சுட்டேன். இன்னும் என்னத்தத்தான் வச்சிருக்கீங்க?"

சுகுணா அவரை உற்றுப் பார்த்தார். வேண்டுமென்றே ஒருமுறை செருமினார். தலை திரும்பியது. இன்னொருமுறை. மறுபடி திரும்பியது.

"யுவராணி, இது யாரோட ஐடியா?"

மதிப்பெண் காற்றில் பறப்பது யுவராணிக்குக் கண்ணெதிரே தெரிந்தது. "திட்டம் அண்ணனோடதுங்க மேடம். செருமல் அக்காவோடது. தலையாட்டுனது நானு."

வாசலில் நின்ற செல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகுணா அவள் பக்கம் திரும்பினார். "வூட்லயும் இப்படித்தான் கூப்புடுவீங்களா?"

"கட்டிக்கிட்ட நாள்லருந்து இப்படித்தானுங்க. பேரு சொல்ற பழக்கம் இல்லீங்க."

"அப்ப வூட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. தெனமும் இடது பக்கமா நின்னு செருமுங்க. அவரா திரும்பற வரைக்கும் விடாதீங்க. பரிசல் பக்கம் மட்டும் போவக் கூடாது." பிறகு யுவராணியிடம், "இதைக் கண்டுபிடிச்சதுக்கு மார்க் உண்டு. என்கிட்ட மறைச்சதுக்கு அதுல பாதி போச்சு" என்றார்.

"எந்தப் பாதி? இடதா வலதா?" என்று கேட்டார் மாரப்பன்.

சாயங்காலம் பென்னாகரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். செல்லி அவருக்கு இடது பக்கம் கனத்த பையோடு நின்று செருமினாள். மாரப்பன் நேராக ரோட்டையே பார்த்தார். அவள் இன்னும் பலமாகச் செருமினாள்.

"கண்ணு, இந்தப் பக்கம் என்னமோ சத்தம் கேக்கற மாதிரி இருக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணா" என்றாள் வழியனுப்ப வந்த யுவராணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செல்லி சண்டைக்குப் போகவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, பையை அவர் தோளில் மாட்டினாள்.